பேக் செய்த பாஸ்தா உள்ளே வறட்சி, மேலே சீஸ் தோல் மாதிரி. காரணம் என்ன?

கல்முனைக்குடி:
அஸ்ஸலாமு அலைக்கும், மற்றவர்களுக்கு வணக்கம். வருகிற வெள்ளி இரவு மாமி வீட்டார் சாப்பிட வருகிறார்கள். பிள்ளைகளுக்கும் பிடிக்கும் என்று இறைச்சி போட்ட சீஸ் பாஸ்தா செய்ய நினைத்திருக்கிறேன். ஆனால் எப்போது செய்தாலும் ஒரே கதைதான். ஓவனுக்குள் போகும்போது நன்றாக இருக்கும். வெளியே எடுத்தால் பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டி விறைத்து, இறைச்சி தனியே உதிரியாகக் கிடக்கும். மேலே சீஸ் இழுபடாது, தோல் மாதிரி ஆகி அங்கங்கே கருகியிருக்கும்.

நான் செய்வது இப்படி: பென்னே 400 கிராமை நன்றாக அவித்து வடிப்பேன். அரைத்த மாட்டிறைச்சி அரைக் கிலோவை வெங்காயம், உள்ளி, இஞ்சி, மூன்று தக்காளி, ஒரு துண்டு கறுவா, மிளகாய்த்தூள் போட்டு எண்ணெய் பிரியும் வரை பிரட்டுவேன். இரண்டையும் கலந்து, பாணுக்குள் வைக்கிற சீஸ் துண்டுகளை மேலே அடுக்கி, மேசையில் வைக்கும் சின்ன ஓவனில் 200 பாகையில் அரை மணித்தியாலம். ஓவன்தான் பழுதோ?

ஏறாவூர்ப் போறணை:
வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. ஓவனைக் குறை சொல்ல முதல் இறைச்சியைப் பாருங்கள். நீங்கள் ஆக்கியிருப்பது பிரட்டல். சோற்றுக்கும் ரொட்டிக்கும் அதை அடிக்க ஆளில்லை, ஆனால் இதற்குச் சரிவராது. பாஸ்தா ஓவனுக்குள் போன பிறகும் தண்ணீர் இழுத்துக்கொண்டே இருக்கும். இழுக்க சோஸ் இல்லையென்றால் மேலே உள்ளது விறைக்கும், கீழே உள்ளது ஒட்டும்.

அரைக் கிலோ இறைச்சிக்கு மூன்று தக்காளி காணாது. நல்ல பழுத்த தக்காளி ஒரு கிலோ அரைத்து எடுங்கள், கூடவே தக்காளிப் பேஸ்ட் இரண்டு மேசைக்கரண்டி. இறைச்சியை அகலமான தாச்சியில் பரப்பிப் போட்டு, அதில் ஊறும் தண்ணீர் வற்றும் வரை கிண்டாமல் விடுங்கள். அடியில் பிடித்துச் சிவந்த பிறகுதான் கிளற வேண்டும். அந்தச் சிவப்பில்தான் சுவை இருக்கிறது. இறைச்சியை எடுத்து வைத்துவிட்டு அதே தாச்சியில் வெங்காயம், உள்ளி, பேஸ்ட் வதக்கி, தக்காளியையும் இறைச்சியையும் சேர்த்து மெல்லிய நெருப்பில் அரை மணித்தியாலம் விடுங்கள். புளிப்பாக இருந்தால் ஒரு சிட்டிகை சீனி. இறக்கும்போது பாஸ்தா அவித்த தண்ணீர் ஒரு கோப்பை ஊற்றுங்கள். அதில் கரைந்திருக்கும் மாப்பொருள் சோஸை எண்ணெய் வேறு தண்ணீர் வேறு என்று பிரிய விடாது.

அகப்பையில் அள்ளிச் சாய்த்தால் ஓட வேண்டும். ‘இவ்வளவு தண்ணியாக இருக்கே’ என்று மனம் அடிக்கும், அடிக்கட்டும்.

பாஸ்தாவை ‘நன்றாக’ அவிக்காதீர்கள். பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டில் வடியுங்கள், கடித்தால் நடுவில் இன்னும் கொஞ்சம் விறைப்பு இருக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் அலசவும் வேண்டாம், சோஸ் பிடிக்காது.

கல்லடி அக்கா:
தம்பி சோஸுக்குச் சொன்னது சரி, நான் சீஸுக்கு வருகிறேன். பாணுக்கு வைக்கிற துண்டு பதப்படுத்தின சீஸ். கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் இருக்க அதில் பொஸ்பேற்று, சிற்றேற்று உப்புகள் சேர்க்கிறார்கள். அதனால் சூட்டில் இளகும், ஆனால் நூல் மாதிரி இழுபடாது. அரை மணித்தியாலம் நேர்ச்சூட்டில் கிடந்தால் தோல்தான் கட்டும்.

இழுபட வேண்டுமென்றால் மொசரெல்லா வாங்குங்கள், 200 கிராம் போதும். அதற்குத் தனியே பெரிய சுவை கிடையாது, ஒரு கைப்பிடி செடார் துருவிச் சேர்த்தால் வாசம் வரும். கட்டியாக வாங்கி வீட்டில் துருவுவது நல்லது. துருவி வரும் பாக்கெட்டில் ஒட்டாமல் இருக்க மா தூவியிருப்பார்கள், உருகுவது கொஞ்சம் மந்தம். கையில் துண்டு சீஸ்தான் இருக்கிறதென்றால் கிழித்து நடு அடுக்கில் மறைத்து வையுங்கள்.

அந்தச் சின்ன ஓவனில் மேல் கம்பி தட்டுக்கு மிகக் கிட்ட இருக்கும், கருகுவது அதனால்தான். கீழ்த்தட்டில் வைத்து, 180 பாகை போதும். ஃபொயிலால் இறுக மூடி 20 நிமிடம், பிறகு திறந்து சீஸைத் தூவி இன்னும் பத்து நிமிடம். ஃபொயில் மேல் கம்பியில் முட்டக்கூடாது, கவனம்.

அக்கரைப்பற்றுக்காரி:
கறுவா போட்டால் அது கறிதானே? நான் உலர்ந்த ஒரேகானோதான் போடுவேன், வேறு எதுவும் கிடையாது.

ஏறாவூர்ப் போறணை:
ராத்தா, கிரேக்கர்கள் பாஸ்டிட்சியோ என்று ஒன்று பேக் பண்ணுவார்கள். நீளக் குழாய்ப் பாஸ்தா, இறைச்சி சோஸ், மேலே பால்சோஸ். அந்த இறைச்சியில் கறுவாதான் வாசம். நம்முடைய நாட்டுக் கறுவாவை நாமே விலக்கி வைக்க வேண்டுமா? மிளகாய்த்தூளை மட்டும் பாதியாக்கி, மிளகு இடித்துப் போடுங்கள்.

கல்முனைக்குடி:
எல்லோருக்கும் நன்றி. ஒன்று கேட்க மறந்துவிட்டேன். இணையத்தில் எல்லாரும் நடுவில் ரிக்கோட்டா என்று ஒரு வெள்ளை அடுக்கு வைக்கிறார்கள். கடைகளில் தேடினேன், கிடைக்கவில்லை. மாமிக்குக் கட்டாயம் மாட்டிறைச்சிதான் வேண்டும் என்றில்லை, கோழியும் பரவாயில்லையா?

கல்லடி அக்கா:
மட்டக்களப்புப் பக்கம் இருந்துகொண்டு ரிக்கோட்டா தேடுவானேன்! எருமைத் தயிர் ஒரு சட்டி வாங்கி, மெல்லிய துணியில் கட்டி இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வடிய விடுங்கள், கீழே ஒரு பாத்திரம் வைத்து. காலையில் கட்டியாக இருக்கும். ஒரு முட்டை, உப்பு, மிளகு சேர்த்து அடித்து நடுவில் பரப்புங்கள், முட்டை இருப்பதால் இறுகி நிற்கும். அன்றைக்கு உறைந்த தயிராகப் பாருங்கள், பழையது புளிக்கும். புளிப்பே வேண்டாமென்றால் பாலைக் கொதிக்க வைத்து தேசிக்காய்ப் புளி விட்டுத் திரித்து வடியுங்கள்.

எங்கள் வீட்டில் மாட்டிறைச்சி இல்லை, எப்போதும் கோழிதான். தொடை இறைச்சியை அரைப்பித்து எடுங்கள். நெஞ்சு இறைச்சி காய்ந்து போகும்.

வந்தாறுமூலை விடுதி:
ஓவன் இல்லாத எங்களுக்கு ஏதும் வழி உண்டா அக்கா? காஸ் அடுப்பு ஒன்றுதான்.

கல்லடி அக்கா:
இருக்கிறது தம்பி. அடி கனமான சட்டியில் பாஸ்தாவை சோஸோடு கலந்து, சீஸ் போட்டு இறுக மூடி, ஆகச் சின்ன நெருப்பில் பத்து நிமிடம். அடியில் தோசைக்கல் வைத்தால் பிடிக்காது. சீஸ் உருகும், சிவக்காது. சிவக்க வேண்டுமென்றால் தட்டையான உலோக மூடியின் மேல் சிரட்டைக் கரித் தணல் பரப்புங்கள். அதை முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், அறைக்குள் கரி மூட்டவே கூடாது.

ஏறாவூர்ப் போறணை:
தங்கச்சி, வெள்ளிக்கிழமை வேலை கூடவென்றால் காலையிலேயே தட்டில் அடுக்கி ஃப்ரிட்ஜில் வைக்கலாம். அப்படியென்றால் சோஸ் இன்னும் அரைக் கோப்பை கூட ஊற்றுங்கள், பாஸ்தா பகல் முழுக்க இழுத்துவிடும். மூடி வைக்கும் நேரத்தையும் 35 நிமிடம் ஆக்குங்கள். கண்ணாடித் தட்டாக இருந்தால் ஃப்ரிட்ஜிலிருந்து நேரே சூடான ஓவனுக்குள் வைக்காதீர்கள், வெடிக்கும். அலுமினியத் தட்டில் அந்தப் பயமில்லை. வெளியே எடுத்ததும் வெட்டாமல் பத்து நிமிடம் ஆற விடுங்கள், இல்லாவிட்டால் சோஸ் எல்லாம் தட்டில் ஓடிவிடும்.