ஓட்ஸ்ஹோர்ன் ஊருக்கு அரை நாள் போதுமா?

கேஆர்புரம்காரி:
தசரா லீவில் தென்னாப்பிரிக்கா போகிறோம். நான், கணவர், 9 வயசுப் பையன், 68 வயசு மாமியார். ஜார்ஜ் என்ற ஊர் வரை விமானம், அங்கிருந்து வாடகைக் கார். டிராவல்ஸ்காரர் போட்டுக்கொடுத்த பிளானில் ஓட்ஸ்ஹோர்னுக்கு அரை நாள்தான். ஒரு நெருப்புக்கோழிப் பண்ணை, ஒரு குகை, அப்புறம் கிளம்பு என்கிறார். மாமியாருக்கு முழங்கால் வலி, முட்டைகூடத் தொடமாட்டார். அந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

அல்சூர்_தாத்தா:
இரண்டு ராத்திரி தங்குங்கள் அம்மா. ஜார்ஜிலிருந்து 60 கி.மீ.தான், ஆனால் மலையைத் தாண்டியதும் பச்சை போய்க் காய்ந்த பூமி வந்துவிடும். ஒரே நாளில் போய்த் திரும்பினால் வெயிலும் கோழியும் மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

போன வருஷம் நானும் வீட்டம்மாவும் போனோம். முதலில் ஊர்ப் பெயர். நான் 'அவுட்ஷூர்ன்' என்று வழி கேட்டு, பெட்ரோல் பங்க் பையன் முழித்தான். ஓட்ஸ் கஞ்சியில் வரும் ஓட்ஸ்தான், அப்படியே சொல்லுங்கள்.

கேங்கோ குகை ஊருக்கு வடக்கே சுமார் 30 கி.மீ. இரண்டு விதமாகக் கூட்டிப்போகிறார்கள். ஒரு மணி நேரத்துச் சுற்று மாமியாருக்கு. படிகள் உண்டு, அதனால் மெதுவாக நடக்கட்டும். முதல் பெரிய கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாலே டிக்கெட் காசு வசூல். இன்னொன்று ஒன்றரை மணி நேரம், தவழ்ந்து போவது. அங்கே 'பிசாசின் தபால்பெட்டி' என்று ஒரு பொந்து, உயரம் 27 செ.மீ. ஸ்கேலை எடுத்துத் தரையிலிருந்து அளந்து பாருங்கள். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அதைவிட இடம் அதிகம். குப்புறப் படுத்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, கையை முன்னால் நீட்டி, பாறையில் வழுக்கி வெளியே வந்தேன். சட்டைப் பொத்தான் இரண்டு அங்கேயே இருக்கிறது. 2007 புத்தாண்டு அன்று இந்தக் குகையில் குறுகலான இடத்தில் ஒரு அம்மா சிக்கிக்கொண்டு, பின்னால் வந்தவர்கள் மணிக்கணக்கில் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். இது தெரிந்தேதான் போனேன். வீட்டம்மா வெளியே காபி குடித்துக்கொண்டிருந்தாள். உங்கள் பையன் எலி மாதிரி போய்விடுவான்.

நெருப்புக்கோழிப் பண்ணை ஒன்று போதும். ஒரு முட்டை சுமார் 24 கோழி முட்டைக்குச் சமம், ஆள் ஏறி நின்றாலும் உடையாது. எனக்குப் பிடித்தது வேறு. பகலில் சாம்பல் நிறப் பெட்டை அடைகாக்கும், ராத்திரி கறுப்புச் சேவல் உட்காரும். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ற நிறம்.

ஊருக்குள் இருக்கும் மணற்கல் பங்களாக்களைப் பண்ணையைப் பார்த்த பிறகு பாருங்கள், அப்போதுதான் புரியும். ஐரோப்பிய அம்மணிகளின் தொப்பிக்கு இந்த இறகு வேண்டும் என்று ஒரு காலம் இருந்தது. தங்கம், வைரம், கம்பளிக்கு அடுத்து அந்த நாட்டின் பெரிய ஏற்றுமதியே இறகுதானாம். 1914-இல் யுத்தம் வந்தது, கூரையில்லாத மோட்டார் காரில் பெரிய தொப்பி நிற்கவும் இல்லை. வியாபாரம் படுத்துவிட்டது, பங்களாக்கள் மட்டும் மிச்சம். சி.பி. நெல் அருங்காட்சியகத்தில் இந்தக் கதை முழுக்க இருக்கிறது. இறகு வியாபாரத்துக்காக லித்துவேனியாவிலிருந்து வந்த யூதர்களின் வழிபாட்டுக்கூடமும் உள்ளேயே உண்டு.

ஒரு முழு நாளை ஸ்வார்ட்பெர்க் கணவாய்க்கு வையுங்கள். தாமஸ் பெய்ன் என்பவர் கைதிகளை வைத்துப் போட்ட ரோடு, 1888-இல் திறந்தது. இன்றைக்கும் தார் கிடையாது. உச்சி 1,583 மீட்டர். சிமென்ட், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய தடுப்புச் சுவர் இன்னும் ரோட்டைத் தாங்குகிறது. எங்கள் தெருவில் போன மாசம் போட்ட நடைபாதை இதற்குள் பெயர்ந்துவிட்டது, அதை விடுங்கள். அந்தப்பக்கம் இறங்கும்போது பாறை அடுக்குகள் மடித்துப் போட்ட ஜமுக்காளம் மாதிரி வளைந்து கிடக்கும். கீழே பிரின்ஸ் ஆல்பர்ட் என்ற சின்ன ஊரில் சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது மெய்ரிங்ஸ்போர்ட் வழியாக வாருங்கள். அது தார் ரோடு. மலை இடுக்கில் ஒரே ஆற்றை 25 தடவை கடக்கும். பையனை எண்ணச் சொல்லுங்கள், சண்டை போடாமல் வருவான்.

வைட்ஃபீல்ட்_வாணி:
சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. மெனுவில் 'டொமேட்டோ ப்ரீடி' என்று பார்த்து, தக்காளிதானே என்று ஆர்டர் செய்தேன். ஆட்டுக்கறிக் குழம்பு வந்தது! மாமியாருக்குச் சக்கலக்கா கேளுங்கள். குடைமிளகாய், கேரட், பீன்ஸ் போட்டுக் காரமாக இருக்கும். அதிலும் கறி இல்லையே என்று கேட்டுக்கொள்வது நல்லது. தணலில் சுட்ட ரொட்டிக்கு ரோஸ்டர்குக் என்று பெயர். அதோடு நம் ஊர்ப் பருப்புப் பொடியும் இருந்தால் கவலையே இல்லை.

விடியற்காலையில் மீர்கேட் (கீரி இனத்துச் சின்னப் பிராணி) பார்க்கவும் கூட்டிப்போகிறார்கள். வளையிலிருந்து வெளியே வந்து, பின்னங்காலில் நின்று வயிற்றை வெயிலில் காட்டும். மேகம் மூடியிருந்தால் வராது. சின்னப் பிள்ளைகளுக்கு வயது வரம்பு உண்டு, பையனுக்காக முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஸ்வெட்டர் கட்டாயம்.

கேஆர்புரம்காரி:
ரொம்ப நன்றி. இரண்டு ராத்திரி என்று மாற்றச் சொல்லிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் அளந்து பார்த்த கணவர் தவழும் சுற்றுக்கு வரமாட்டேன் என்கிறார், நான்தான் பையனோடு போகப்போகிறேன். அந்தக் கணவாயில் சாதாரணக் கார் போகுமா?

அல்சூர்_தாத்தா:
மழை இல்லாவிட்டால் போகும். நம்மைப் போலவே இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் மண்ரோட்டில் டயருக்கும் கண்ணாடிக்கும் இன்ஷூரன்ஸ் உண்டா என்று கார் எடுக்கும்போதே கேளுங்கள், டிக்கியையும் திறந்து பாருங்கள். எங்களுக்குக் கொடுத்த காரில் ஸ்டெப்னிக்குப் பதில் ஒரு பம்பும் பசை டப்பாவும்தான் இருந்தது. அது தெரிந்ததே பாதி மலையில் பஞ்சரான பிறகு. ஒரு பண்ணைக்காரர் தன் பக்கியை (பிக்கப் வண்டியை அப்படித்தான் சொல்கிறார்கள்) நிறுத்தி, அரை மணி நேரம் மண்டியிட்டு ஒட்டிக்கொடுத்தார். காசு வாங்கவில்லை. வீட்டம்மா இரண்டு முறுக்கு கொடுத்தாள். மூன்றாவதைக் கேட்டு வாங்கினார்.