கொம்பு வில்: நார் பிடித்துக்கொண்டது, கொம்பு பெயர்ந்துவிட்டது. எங்கே தவறினேன்?

கோத்தகிரிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தாத்தா வளர்த்த எருமை ஒன்றின் கொம்பு ஜோடி, மாட்டுக்கொட்டகைச் சுவரில் பல வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதை வைத்து ஒரு கொம்பு வில் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. உள்ளே மரம், இழுப்பவன் பக்கம் கொம்பு, இலக்கைப் பார்க்கும் பக்கம் தசைநார், மூன்றையும் ஒட்ட வஜ்ஜிரம், அதாவது மாட்டுத்தோல் காய்ச்சி எடுக்கும் பசை. துருக்கியரும் மங்கோலியரும் செய்த அதே முறைதான்.

ஏப்ரலில் ஆரம்பித்தேன். கொம்பை நீளவாக்கில் அறுத்து, நாற்பது சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு பட்டைகள் எடுத்தேன். தேங்காய் எண்ணெய் தடவி அடுப்புத் தணலில் காட்டி, பலகைகளுக்கு நடுவே இறுக்கி நிமிர்த்தினேன். நடு மரத்துக்கு எஸ்டேட்டில் வெட்டிப் போட்டிருந்த சில்வர் ஓக். கறிக்கடையில் சொல்லி வைத்து மாட்டுக்கால் நரம்பு வாங்கிக் காய வைத்து, இடித்து, நார் பிரித்து இரண்டு அடுக்கு வைத்தேன். எல்லாம் மே கடைசிக்குள் முடிந்தது.

ஜூலையில் நாண் ஏற்றினேன். பாதி இழுப்பதற்குள் படாரென்று சத்தம். வில்லின் கையில், அதாவது பிடிக்குக் கீழே வளையும் பாதியில், கொம்புப் பட்டை முழுசாகப் பெயர்ந்து வந்துவிட்டது. நார் அப்படியே இருக்கிறது. தாத்தாவின் கொம்பு என்பதால் மனசு கேட்கவில்லை. இதை மீட்க முடியுமா?

பண்ணைக்காடு

எனக்கு மூங்கில் வில்தான் பழக்கம், கொம்பு வில் செய்ததில்லை. ஆனாலும் பழனி மலை மேகத்தில் நான் பட்ட பாட்டை வைத்துச் சொல்கிறேன், ஈரம்தான் காரணமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே துவைத்த துணியே காயாது. வஜ்ஜிரத்தை விட்டுவிட்டு எபாக்சி என்கிற ரசாயனப் பசை போட்டு ஒட்டிவிடுங்களேன்?

இன்னொரு சந்தேகம். எங்கள் பக்கம் காட்டெருமை நிறைய நடமாடுகிறது. எங்காவது செத்துக் கிடந்தால் அந்தக் கொம்பு இதற்கு ஆகுமா?

குன்னூர்_தச்சுப்பட்டறை

தம்பி, ஈரம்னு முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. பெயர்ந்து வந்த கொம்போட உள்பக்கம் எப்படி இருக்கு? பசை ரெண்டு பக்கமும் கிழிஞ்ச மாதிரி ஒட்டியிருக்கா, இல்ல பசை எல்லாம் மரத்தோடயே நின்னுட்டு கொம்பு மட்டும் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கா? பசையை நகத்தால அழுத்திப் பாருங்க. ரப்பர் மாதிரி அமுங்குதா, கண்ணாடி மாதிரி நொறுங்குதா?

கோத்தகிரிக்காரன்

இப்போதுதான் பார்த்தேன் ஐயா. கொம்பு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருக்கிறது, ஒரு பொட்டுப் பசை இல்லை. பசை எல்லாம் மரத்தில். கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஓரத்தில் மட்டும் லேசாக அமுங்குகிறது.

குன்னூர்_தச்சுப்பட்டறை

அப்ப கொம்பு பெயர்ந்ததுக்குக் காரணம் தேங்காய் எண்ணெய் தம்பி. ஓரம் அமுங்கறது மழை. ஆனா மழை இல்லாட்டியும் அது நின்னிருக்காது.

எண்ணெய் போட்டுத் தணல்ல காட்டறது தப்பில்ல, கருகாம இருக்க அப்படித்தான் செய்வாங்க. அந்த எண்ணெய் கொம்புக்குள்ள ஊறிடும். அதை எடுக்காம வஜ்ஜிரம் தடவினா, பசைக்குப் பிடிக்க ஒண்ணும் கிடைக்காது. நான் முப்பத்தெட்டு வருஷம் பழைய நாற்காலி, மேசை எல்லாம் இந்தப் பசையாலதான் ஒட்டினேன். தலைக்கு எண்ணெய் வெச்ச கையால இணைப்பைத் தொட்டாலே எங்க மேஸ்திரி கையில தட்டுவார்.

நல்ல சேதி என்னன்னா, வஜ்ஜிரம் திரும்ப இளகும். பண்ணைக்காடு சொன்ன எபாக்சி கொம்புக்கும் மரத்துக்கும் நடுவுல நல்லாவே பிடிக்கும், போடறவங்க இருக்காங்க. ஆனா ஒரு தடவை ஒட்டினா அப்புறம் பிரிக்க வழியில்ல. தாத்தா கொம்பு ரெண்டாவது தடவை கிடைக்காது. நாருக்கு எபாக்சி வேண்டவே வேண்டாம். நாரும் வஜ்ஜிரமும் ஒரே இனம், ரெண்டும் தோலும் நரம்புமா இருந்த சரக்கு. சேர்ந்து காயும், சேர்ந்து சுருங்கும். அந்தச் சுருக்கம்தான் வில்லை முன்பக்கமா வளைச்சு, நாண் இல்லாம இருக்கும்போது பிறை திரும்பி நிக்கற மாதிரி ஆக்குது. மரம் நூத்துக்கு ஒரு பங்கு நீண்டாலே முறியற நிலைக்கு வந்துடும். நார் அதைப் போலப் பல மடங்கு நீளும். கொம்பு அமுக்கத்தைத் தாங்கும். நடு மரத்துக்கு வேலை கம்மி, ரெண்டையும் பிடிச்சு வெச்சுக்கணும், அவ்வளவுதான்.

அதனாலதான் சில்வர் ஓக் வேண்டாங்கறேன். பலகைக்கு ஆகும், இதுக்கு ஆகாது. தேக்கும் வேண்டாம், அதுலயே எண்ணெய் இருக்கு. மல்பெரி மரம் நேர் இழையோட கிடைச்சா விடாதீங்க. இல்லன்னா மூங்கில். கொரியாக்காரங்க வில்லுக்கு நடுவுல மூங்கில்தான், நுனிக்கு மல்பெரி. நுனியை மீன்வால் மாதிரி வெட்டிச் செருகி ஒட்டுவாங்க.

இப்ப வேலையைச் சொல்றேன். கொம்பைச் சலவைச் சோடா போட்ட வெதுவெதுப்பான தண்ணியில பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவுங்க, நாலஞ்சு தடவை. காய வெச்சு, ஒட்டற அன்னிக்குக் காலையில பல் வெச்ச தகட்டால நீளவாக்குல கீறுங்க. பழைய ஹேக்சா பிளேடு துண்டு போதும். மரத்துலயும் அதே மாதிரி கீறுங்க, ஒண்ணோட மேடு இன்னொண்ணோட பள்ளத்துல உக்காரணும். கீறினதுக்கு அப்புறம் விரல் படக்கூடாது. தண்ணியா வஜ்ஜிரம் தடவிக் காய விட்டு, மறுபடி தடவி, மூணு நாலு தடவை ஊட்டுங்க. அதுக்கப்புறம்தான் கெட்டிப் பசை.

வஜ்ஜிரத்தைக் கொதிக்க விடாதீங்க. தண்ணிப் பாத்திரத்துக்குள்ள பாத்திரம் வெச்சு, அறுபது டிகிரி தாண்டாம. கொதிச்சா பலம் போயிடும். நம்ம ஊர்ல இன்னொரு தொல்லை, பிரஷ்ஷைப் பாத்திரத்துல இருந்து எடுத்து மரத்துல வைக்கறதுக்குள்ள பசை ஆறித் தயிர் மாதிரி ஆயிடும். கொம்பு, மரம் ரெண்டையும் கை தாங்கற சூட்டுக்கு அடுப்புப் பக்கத்துல வெச்சிருந்து ஒட்டுங்க. ஜன்னலைச் சாத்திக்கங்க. இறுக்கறதுக்குச் சைக்கிள் டியூப் சுத்தாதீங்க, அது ஈரத்தை உள்ளயே பூட்டி வெச்சிடும். சணல் கயிறு சுத்தி, குச்சி செருகி முறுக்குங்க.

நாருக்கு வரேன். நல்லாக் காஞ்ச நரம்பு தேன் நிறத்துல, மெழுகுவத்தி மாதிரி ஊடு தெரியும். கல்லு மேல வெச்சு இடிச்சா இழை வெட்டுப்படும், மரக்கட்டை மேல வெச்சு மரச்சுத்தியால இடிங்க. முதல்ல ஒண்ணும் ஆகாது. திடீர்னு ஒரு இடத்துல வெள்ளை பூக்கும், அங்கிருந்து நூல் நூலாப் பிரியும். பிரிச்சதைச் சோப்புத் தண்ணியில அலசிக் கொழுப்பை எடுங்க. ஒரு அடுக்கு வெச்சு ஒரு மாசம் விடுங்க. அப்புறம் அடுத்தது. நீங்க மே மாசத்துக்குள்ள எல்லாத்தையும் முடிச்சேங்கறீங்க. கோடை மழை நடுவுல வந்திருக்கும், உள் அடுக்கு காஞ்சிருக்காது.

சீனத்துப் பழைய கைவினை நூல் ஒண்ணுல இதுக்குக் காலக்கணக்கு இருக்கு. குளிர்காலத்துல மரம் பிளக்கணும், வசந்தத்துல கொம்பை ஊற வைக்கணும், கோடையில நார் வேலை, இலையுதிர் காலத்துல மூணையும் சேர்க்கணும்னு. அது அவங்க மண்ணுக்குச் சரி. அதை இங்க எடுத்துட்டு வந்தா, மூணையும் சேர்க்கற நேரத்துல வடகிழக்கு மழை நம்ம தலை மேல நிக்கும். நமக்கு ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பனி விழுந்து வெயில் காயுதே, அந்த மூணு மாசம்தான். இந்தப் பருவத்துல ஒட்டி, மழைக்காலம் பூரா அடுப்புக்கு மேல பரண்ல போட்டுட்டு, அடுத்த ஜனவரியில நாண் ஏத்துங்க. அதுக்கு முன்னாடி தொடாதீங்க.

காட்டெருமைக் கொம்பு கூடவே கூடாது. 1972 வனவிலங்குச் சட்டத்துல பாதுகாக்கப்பட்ட விலங்கு அது. கிடந்தாலும் எடுக்காம வனத்துறைக்குச் சொல்லிடுங்க. கடமான் நரம்புக்கும் இதே பதில்தான். வீட்டு எருமையிலயும் முர்ரா இனத்தோட கொம்பு சுருண்டு கிடக்கும், பட்டை வராது.

தலைகுந்தா

தோடர் எருமைக்கு நீளமாகப் பிறை மாதிரி கொம்பு இருக்கிறதே என்று யாருக்காவது தோன்றலாம். தயவுசெய்து தோடர் குடியிருப்பான மந்துக்குப் போய்க் கேட்காதீர்கள், அந்த எருமை அவர்களுக்குத் தெய்வம் மாதிரி. அவர்களிடமும் வில் உண்டு, ஆனால் வேட்டைக்கு இல்லை. மனைவி கருவுற்று ஏழாம் மாதம் வாக்கில் கணவன் அவள் கையில் ஒரு சிறு குச்சி வில்லும் அம்பும் கொடுப்பான். பிறக்கப்போகும் குழந்தைக்கு அப்பா இவன்தான் என்று ஊரறியச் சொல்வது அந்த வில்.

திருமாலின் வில்லுக்குச் சார்ங்கம் என்று பெயர் இருக்கிறதே, அதற்குப் பொருளே கொம்பால் ஆனது என்பதுதான். வட இந்தியாவில் முகலாயர் காலத்தில் கொம்பு வில் நிறையச் செய்தார்கள், கூடவே முழு எஃகில் வில் அடித்ததும் நம் நாட்டில்தான். எஃகு கொஞ்சம் மந்தம், ஆனால் மழைக்கும் பூச்சிக்கும் அசையாது.

கோத்தகிரிக்காரன்

ஐயா, நீங்கள் எண்ணெய் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்த்திய பிறகு பளபளப்பாக இருக்கட்டும் என்று இன்னொரு தடவையும் தடவித் துடைத்தேன். அதுவும் உள்பக்கத்தில்.

இன்று ஈரத்துணி போட்டு ஆவி காட்டி மேல் கையிலிருந்த பட்டையையும் கழற்றிவிட்டேன். ஆச்சரியம், அதுவும் சுலபமாக வந்துவிட்டது. இரண்டு பட்டையிலும் விரிசல் இல்லை. சோடாத் தண்ணீரில் முதல் கழுவலில் தண்ணீர் மேல் எண்ணெய் மிதந்தது.

கீழே சமவெளியில் பட்டுப்பூச்சி வளர்க்கும் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார், பழைய மல்பெரி அடிமரம் ஒன்று தருகிறேன் என்றார். பச்சையாக இருக்கிறது. ஜனவரிக்குள் காயுமா?

குன்னூர்_தச்சுப்பட்டறை

உருட்டாவே போட்டா காயாது. வந்ததும் நாலாப் பிளந்து, ரெண்டு முனைக்கும் மெழுகு தடவி நிழல்ல அடுக்குங்க. அறுக்காதீங்க, பிளந்தாத்தான் இழை எங்க போகுதுன்னு தெரியும். மாசம் ஒரு தடவை எடை போட்டுக் குறிச்சுக்கங்க. ரெண்டு மாசம் எடை மாறலன்னா ஆச்சு. ஜனவரியில மாறிட்டே இருந்தா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

கழுவின கொம்பை வேப்பிலை போட்டுத் துணியில சுத்தி வைங்க, வண்டு அரிச்சுடும். வஜ்ஜிரம் காய்ச்சற அன்னிக்கு முன்னாடி நாள் இங்க எழுதுங்க. குன்னூர்ல இருந்து கோத்தகிரி ஒரு பஸ்தான், நானும் வந்து ஒரு கை பிடிக்கறேன். கயிறு முறுக்க ரெண்டு ஆள் வேணும்.