'ரன்' என்றால் ஓடு, அவ்வளவுதானாம்!

வரிப்புலி:
பக்கத்துத் திரியில் கல்வெட்டு என்பவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால்தான் இந்தத் தனித் திரி. அவர் வாக்கு இது: "ரன் என்றால் ஓடு. ஒரே அர்த்தம்தான். மற்றதெல்லாம் அகராதிக்காரர்கள் பக்கம் நிரப்பச் செய்த வேலை." ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இந்தச் சொல்லை, அதுவும் வினைச்சொல்லாக மட்டும், 645 பொருளாகப் பிரித்திருக்கிறார்கள் என்று 2011இல் செய்தியே வந்தது. பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் 9 மாதம் இதோடு மல்லுக்கட்டினார். அவர் பக்கம் நிரப்பினாரா? கம்பெனியை ரன் பண்ணுகிறவர் கம்பெனிக்குப் பின்னால் ஓடுகிறாரா? துணியில் சாயம் ரன் ஆனால் சாயத்துக்குக் கால் முளைத்துவிட்டதா? சளி பிடித்தால் மூக்கு ரன் ஆகிறது என்கிறான் வெள்ளைக்காரன். மூக்கு ஓடுமா ஐயா? அது இருந்த இடத்தில்தான் இருக்கும்.

கல்வெட்டு:
என் பெயரைப் போட்டுத் திரி திறந்ததற்கு நன்றி. மூக்கு ஓடவில்லை, மூக்கில் இருப்பது ஓடுகிறது. ஆறு ஓடுகிறது என்கிறோம், கரையும் மணலுமா ஓடுகின்றன? கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, காலம் ஓடுகிறது. ஒருத்தர் குடும்பத்தை ஒட்டுகிறார். எல்லாம் ஒரே சொல்தான். அதற்கு 645 அர்த்தம் இருப்பதாக யாரும் மார் தட்டுவதில்லை.

அரைவேக்காடு:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'அர்த்தம்' என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள்? அர்த்தமும் பயன்பாடும் ஒன்றா, வேறா? அதைப் பேசிக்கொண்டால் பாதிச் சண்டை குறையும் என்று தோன்றுகிறது.

வரிப்புலி:
குடும்பத்தை 'ஒட்டுகிறார்' என்றால் கோந்து போட்டா, பசை போட்டா? ஒட்டு, ஓட்டு வித்தியாசம் தெரியாதவர் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறார். ஆறு வேறு, மூக்கு வேறு. ஆறு என்றாலே ஓடும் நீர்தான். மூக்கு என்றால் ஓடும் சளியா? தமிழில் 'எனக்கு மூக்கு ஓடுகிறது' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஒழுகுகிறது என்போம். காய்ச்சல் அடிக்கிறது, சாயம் போகிறது, பத்திரிகை செய்தி போடுகிறது, சர்க்கரை தீர்ந்துவிட்டது, வழியில் பழைய சிநேகிதன் எதிர்ப்பட்டான். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ரன்தான், நமக்கோ ஆறு சொல் வேண்டியிருக்கிறது. 22 வருடமாக மொழிபெயர்த்துத்தான் சாப்பிடுகிறேன். 'ஓடு' என்று போட்டு அனுப்பினால் எந்த ஆசிரியரும் அடுத்த வேலை தரமாட்டார்.

தூரிகை:
மூக்கு ஒழுகுகிறது என்றால் மட்டும் மூக்கா ஒழுகுகிறது? கூரை ஒழுகுகிறது என்றால் ஓடும் கீற்றுமா சொட்டுகின்றன? பள்ளியில் படித்த ஆகுபெயர்தானே, தானியாகுபெயர். இதற்கு ஏன் தனி அர்த்தம்?

கல்வெட்டு:
அப்படிப் போடுங்கள்!

வரிப்புலி:
என்னத்தைப் போடுவது? தானியாகுபெயர் என்றால் 'பாலை இறக்கு'. உள்ளே இருக்கும் பாலின் பெயர் பாத்திரத்துக்கு ஆகிவருவது. இங்கே அதற்குத் தலைகீழ், இடத்தின் பெயர் அதில் இருப்பதற்கு வருகிறது. 'ஊர் சிரித்தது' மாதிரி இடவாகுபெயர். கைதட்டியவருக்கும் அது தெரியவில்லை. சேர்ந்தே வந்திருக்கிறீர்கள்.

தூரிகை:
எந்த ஆகுபெயராக இருந்தால் என்ன, சொன்ன விஷயம் அதேதானே. அப்புறம் இன்னொன்று. போன மாதம் 'கெட்' திரியில் 20 வருட அனுபவம் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது 22. ஒரே மாதத்தில் இரண்டு வருடம் ரன் ஆகிவிட்டது போல.

வரிப்புலி:
அதில் 'இருபது வருடத்துக்கு மேல்' என்று எழுதினேன். போய்ப் படியுங்கள். 'கெட்' திரியில் பதில் சொல்ல முடியாமல் யார் ஓடினார்கள் என்பதும் அங்கேயே இருக்கிறது. அந்த 'ஓடினார்கள்' மட்டும் கல்வெட்டு சொல்லும் அர்த்தத்தில்.

பழஞ்சொல்:
இந்தச் சொல்லின் பழைய கதையையும் கொஞ்சம் பாருங்கள். பழைய ஆங்கிலத்தில் இது இரண்டு வினைகளாக இருந்தது. ரின்னன் என்றால் தானே ஓடுவது, ஆர்னன் என்றால் ஓடவைப்பது. நம் ஓடு, ஓட்டு மாதிரியே ஒரு ஜோடி. பின்னால் இரண்டும் கலந்து ஒரே ரன் ஆகிவிட்டது. குதிரையையோ கம்பெனியையோ ரன் பண்ணுவது அந்த 'ஓட்டு' பக்கம் சேர்ந்தது. ஜெர்மன் மொழியில் இன்றும் ரின்னென் என்றால் நீர் வழிவது, காலால் ஓடுவதற்கு ரென்னென் என்று தனிச்சொல். ஆகவே வழிவது என்பது பின்னால் வந்து தொற்றிக்கொண்ட பொருளே இல்லை. நம் 'ஓடை'யும் ஓடு என்பதிலிருந்து வந்ததுதான்.

கல்வெட்டு:
பார்த்தீர்களா? ஒரே வேர். மூக்கும் ஓடும், ஓடையும் ஓடும்.

வரிப்புலி:
பார்த்தீர்களா? தொடக்கத்திலேயே இரண்டு சொல். ஒரே அர்த்தம் என்றவர் இப்போது இரண்டுக்கு வந்துவிட்டார், மிச்சம் 643. பழஞ்சொல் அவர்களே, என் பக்கம் நின்றதற்கு நன்றி.

பழஞ்சொல்:
நான் யார் பக்கமும் நிற்கவில்லை.

பூனைநடை:
நிற்பது என்றதும் ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் தேர்தலில் ரன் பண்ணுகிறார்கள், பிரிட்டனில் ஸ்டாண்ட் பண்ணுகிறார்கள். நாமும் நிற்கிறோம். ஒருத்தர் ஓடுகிறார், ஒருத்தர் நிற்கிறார், இருவருக்கும் வேண்டியது ஓட்டு. ஹிஹி.

வரிப்புலி:
சிரிப்புக்காகச் சொன்னாலும் நல்ல உதாரணம். ஓடுவதும் நிற்பதும் ஒரே காரியத்தைக் குறிக்குமானால், அங்கே 'ஓடு' என்ற பொருள் செத்துப்போய்விட்டது என்றுதானே ஆகிறது? கல்வெட்டு பதில் சொல்லட்டும்.

கல்வெட்டு:
போட்டி என்றால் பந்தயம், பந்தயம் என்றால் ஓட்டம். செத்துப்போகவெல்லாம் இல்லை. நீங்கள் மூக்குக்குப் பதில் சொல்லுங்கள்.

அரைவேக்காடு:
மறுபடியும் நான்தான். அதே ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்குத்தான் முதலிடம், 430 பொருள், அதன் விளக்கம் மட்டும் சுமார் 60,000 சொல். பிறகு ரன் முந்திக்கொண்டது. நடுவில் அந்தச் சொல்லைத் திருத்தி எழுதும்போது எதை ஒன்றாகச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்று ஆசிரியர்கள் முடிவெடுக்கிறார்கள் இல்லையா? கடிகாரம் ரன் ஆவதையும் இயந்திரம் ரன் ஆவதையும் ஒன்றாகப் போட்டால் ஒன்று, பிரித்தால் இரண்டு. அதனால்தான் அர்த்தம் என்றால் என்ன என்று முதலில் கேட்டேன்.

வரிப்புலி:
மூக்குக்கு நான் பதில் சொல்லிவிட்டேன், மூன்று தடவை. மூக்கு ஓடாது.

கல்வெட்டு:
சரி, குழாய்? குழாயை ரன் பண்ணவிட்டால் ஓடுவது குழாயா, தண்ணீரா?

வரிப்புலி:
தண்ணீர். அதைத்தான் நானும் சொல்கிறேன்!

கல்வெட்டு:
அதைத்தான் நான் முதலிலிருந்தே சொல்கிறேன்!

தூரிகை:
இடவாகுபெயர்.

வரிப்புலி:
இப்போது மட்டும் பெயர் சரியாக வருகிறது, நான் சொன்ன பிறகு. கல்வெட்டு அவர்களே, குழாயை நீங்கள் திறக்கிறீர்கள். அதனால் அது 'ஓட்டு' வகை. மூக்கை யார் திறந்தார்கள்? இரண்டையும் குழப்பாதீர்கள். 'செட்' பற்றியும் உங்களுக்கு ஏதோ கருத்து இருக்கும், நாளைக்கு அதற்கும் திரி திறக்கிறேன்.

கல்வெட்டு:
அதையும் என் பெயரைப் போட்டுத்தான் திறப்பீர்களா?

வரிப்புலி:
முதலில் அந்த 'ஒட்டுகிறார்' என்பதைத் திருத்துங்கள். இன்னும் அப்படியே கிடக்கிறது.