மரமஞ்சள் மீட்பு: எண்ணிக்கை பெருகினால் போதுமா?

கேள்வி:
மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அருகிவரும் மரமஞ்சள் கொடியை மீண்டும் பெருக்க நாற்றங்கால் அமைத்து வருகிறோம். விதை முளைப்பதற்கு மாதக்கணக்கில் ஆவதால், செழிப்பான ஓரிரு கொடிகளிலிருந்து போத்து (நடுவதற்கான தண்டுத் துண்டு) எடுத்து ஆயிரக்கணக்கில் நட்டுவிடலாம் என்று குழுவில் சிலர் கருதுகின்றனர். எண்ணிக்கை உயர்ந்தபின் மரபணுப் பன்மையைத் தனியே கவனிக்க வேண்டுமா?

பதில் 1:
கட்டாயம் கவனிக்க வேண்டும். மரமஞ்சளில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. பூக்கும்வரை எது எதுவென்று பார்த்துச் சொல்ல இயலாது. தாங்கள் போத்து எடுத்த கொடி ஆணாக இருந்துவிட்டால், நட்ட ஆயிரமும் ஆண்களாகவே வளர்ந்து, ஒரு விதையைக்கூடத் தராமல் நிற்கும். பெர்பெரின் என்ற மருந்துப் பொருள் நிறைந்த மஞ்சள் தண்டுக்காக, பூக்கும் பருவத்தை எட்டுமுன்பே கொடிகளை வெட்டிவிடுவதால், காட்டில் எஞ்சியவற்றிலும் ஆண் பெண் விகிதம் குலைந்திருக்கக்கூடும். 40 கொடிகளில் 36 ஆணும் 4 பெண்ணும் இருப்பதாகக் கொள்வோம். ஆண் எண்ணிக்கையையும் பெண் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை நான்கு மடங்காக்கி, மொத்தத்தால் வகுத்தால் கிடைப்பது 14.4. அதாவது, மரபணு இழப்பைப் பொறுத்தவரை அந்த 40 கொடிகளும், ஆணும் பெண்ணும் சமமாக உள்ள ஏறத்தாழ 14 கொடிகளைப் போலவே நடந்துகொள்ளும்.

பதில் 2:
மேற்கண்ட விளக்கத்தோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். முதிர்ந்த கொடிகளின் இலைகளை மட்டும் மைக்ரோசாட்டிலைட் குறிப்பான்களால் (கொடிக்குக் கொடி வேறுபடும், திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பகுதிகளால்) ஆய்ந்து, பன்மை நன்றாகவே உள்ளது என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நீண்ட ஆயுள் கொண்ட தாவரங்களில், முதிர்ந்தவை காடு செழித்திருந்த காலத்துப் பன்மையை இன்னும் தாங்கி நிற்கும். இழப்பு முதலில் வெளிப்படுவது இளங்கன்றுகளில்தான். இரண்டையும் ஒப்பிட்ட பிறகே நிலைமை தெளிவாகும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் எத்தனை தாய்க்கொடிகளிலிருந்து விதை எடுப்பது?

பதில் 1:
ஒரு காட்டில் 5 விழுக்காடு அளவில் உள்ள அல்லீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்), நம் சேகரிப்பில் ஒருமுறையேனும் அகப்படும் வாய்ப்பு 95 விழுக்காடாக வேண்டுமெனில், உறவற்ற 30 கொடிகளாவது தேவை. அருகருகே நிற்பவை உடன்பிறந்தவையாக இருக்கலாம் என்பதால் இடைவெளி விட்டுத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவு பெண் கொடிகள் கிடைக்காத காட்டில், கிடைக்கும் ஒவ்வொன்றிலிருந்தும் ஏறக்குறைய சம அளவு விதை எடுப்பதே சரி. எந்தக் கொடியையும் முழுவதுமாகக் காலி செய்ய வேண்டாம். தொலைவில் உள்ள வேறு காட்டின் விதையை ஆய்வின்றிக் கலக்கவும் வேண்டாம், ஏனெனில் அந்தந்த இடத்து மழைக்கும் மண்ணுக்கும் பழகிய மரபணுச் சேர்க்கை அதனால் கலைந்துவிடலாம். நாற்றுப் பைகளில் தாய்க்கொடியின் எண்ணை எழுதி வைத்தால், நடும்போது ஒரே தாயின் கன்றுகள் ஓரிடத்தில் குவியாமல் பார்த்துக்கொள்ளலாம்.