சந்தை மைதானத்தைச் சுகாதாரத் துறைக்கு விலைக்குக் கொடுக்கலாமா, சும்மா கொடுக்கணுமா?

கோபாலபுரம் ரோடு:
பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டின ஊர் எங்களுடையது. வாரச்சந்தை நின்று பல வருடம் ஆச்சு, மைதானம் 1 ஏக்கர் 40 சென்ட் முள் முளைத்துக் கிடக்கிறது. துணை சுகாதார நிலையமோ இன்னும் வாடகை வீட்டில். புதன்கிழமை தடுப்பூசிக்கு வருகிறவர்கள் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும், வெயில் ஏறினால் அவர்களுடைய மாட்டுக் கொட்டகையிலும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருகிறார்கள். இப்போது கட்டடம் கட்ட 60 சென்ட் கேட்கிறார்கள். ஊரில் ரெண்டு கட்சி: பத்திரப் பதிவுக்குச் சர்க்கார் வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்புக்கு விற்றால் சாக்கடையாவது கட்டலாம் என்று ஒன்று, ஆஸ்பத்திரிக்குப் போய் விலை பேசுவதா என்று இன்னொன்று. நான் விற்கிற கட்சி, மறைக்கவில்லை. சட்டப்படி முடியுமா?

பழைய தலையாரி:
தம்பி, விலை அப்புறம். நிலம் யாருடையது? வி.ஏ.ஓ.விடம் ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணைப் பாருங்கள். சர்க்கார் புறம்போக்கு என்று இருந்தால் பஞ்சாயத்து விற்கவே முடியாது. 1994 பஞ்சாயத்துச் சட்டப்படி மேய்ச்சல், களம், மந்தை, வண்டிப்பேட்டை மாதிரிப் புறம்போக்குகள் பஞ்சாயத்தின் பொறுப்பில் வரும், அவ்வளவுதான். பார்த்துக்கொள்வது வேறு, விற்பது வேறு. அந்த மாதிரி நிலத்தை வருவாய்த் துறைதான் சுகாதாரத் துறைக்கு மாற்றித் தரும்: தாசில்தார், ஆர்.டி.ஓ., கலெக்டர் என்று ஃபைல் மேலே போகும், உங்களிடம் கேட்பது ஆட்சேபணை இல்லை என்கிற தீர்மானம் மட்டும். யாராவது அந்தக் காலத்தில் தானமாக எழுதிக் கொடுத்த நிலம் என்றால் பத்திரத்தைத் தேடிப் படியுங்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று அதில் ஒரு வரி இருக்கும், பேரன்கள் கோர்ட்டுக்குப் போவது அந்த வரியை வைத்துத்தான்.
இன்னொன்று. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் என்பது கணக்கு. துணை நிலையத்துக்கு எதற்கு 60 சென்ட்? வரப்போவது எது என்று எழுத்தில் வாங்குங்கள்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்களும் தமிழ்தான், ஆனால் இந்தச் சண்டை எங்களுக்கு வராது. கேரளாவில் ஆரம்ப சுகாதார நிலையத்தையே தொண்ணூறுகளில் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். 2017-ல் அரசு ஆஸ்பத்திரிகளைச் சீராக்குகிற ஆர்த்ரம் திட்டம் வந்து குடும்ப ஆரோக்கிய மையமாக மாற்றியபோதும் அது பஞ்சாயத்தின் கையை விட்டுப் போகவில்லை. இடம் போதாவிட்டால் பஞ்சாயத்துதான் பணம் போட்டு வாங்க அலையணும், அது ஒரு தலைவலி, சொல்லி மாளாது. கிராமசபையும் எங்களுக்கு வார்டு வார்டாக. மதிலில் ஒரு கல் பெயர்ந்தாலும் மெம்பரைப் பிடித்துக் கேட்கலாம். நீங்கள் யாரைப் பிடிப்பீர்கள்?

வேலி ஓரம்:
எங்கள் பக்கத்து ஊரில் சும்மாதான் கொடுத்தார்கள், பெருந்தன்மையாக. பூஜை போட்டு, பலகை நட்டு, போட்டோ எடுத்து, அத்தோடு சரி. வேலி போடவில்லை. இப்போது அந்தப் பலகையிலேயே தகரம் சாய்த்து ஒருத்தர் பஞ்சர் கடை வைத்திருக்கிறார், நானும் அங்கேதான் காற்று அடிக்கிறேன். அதனால் விலையோ இலவசமோ, இத்தனை வருடத்துக்குள் கட்டாவிட்டால், இல்லை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால், நிலம் திரும்ப வரணும் என்று தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். வாயால் சொல்வது வேண்டாம். அடுத்த கிராமசபை எப்போது? போய் உட்காருங்கள்.

கோபாலபுரம் ரோடு:
தலையாரி ஐயா சொன்னபடி இன்று போய்ப் பார்த்தேன். ஒரே சர்வே எண் என்று நினைத்தது தப்பு, ரெண்டு. 90 சென்ட் புறம்போக்கு. மீதி 50 சென்ட் தானம், பஞ்சாயத்து பேரிலேயே பட்டா இருக்கிறது. பத்திரம் யாரிடமும் இல்லை, பொள்ளாச்சிப் பதிவு அலுவலகத்தில் நகலுக்கு மனு போட்டிருக்கிறேன். கேட்கிற 60 சென்ட் எந்தப் பக்கம் விழுகிறது என்று அளந்தால்தான் தெரியும். எல்லைக்கல்லைத் தேடி ரெண்டு பேர் அரைமணி நேரம் முள்ளுக்குள் சுற்றினோம். கடைசியில் டீக்கடைக்காரர் எழுந்து நின்றார். அவர் உட்கார்ந்திருந்த பலகைக்கு ஒரு கால் அந்தக் கல்தான்.