மறு: ‘குவார்ட்டரிங்’ என்பதற்குத் தமிழில் என்ன?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நீராவி இஞ்சின் சக்கரங்களைப் பொருத்தும் ‘குவார்ட்டரிங்’ என்ற வேலைக்கு, மாடல் ரயில் செய்யும் நம் குழுமத்தின் அகராதியில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்று நாலு நாளாக இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் திருச்சி நண்பருக்கு.

> எல்லாவற்றையும் மொழிபெயர்க்க வேண்டுமா? ஒலிபெயர்த்து அப்படியே வைத்துக்கொண்டால் போதாதா?

கொள்கையளவில் எனக்கு மறுப்பில்லை. பிஸ்டனைப் பிஸ்டன் என்றும் மோட்டாரை மோட்டார் என்றும்தான் நானும் எழுதுகிறேன். ஆனால் இந்தச் சொல்லுக்கு மட்டும் அது நடக்காது. போன மாதம் சேலம் சூரமங்கலத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று, “குவார்ட்டர் சரியாக உட்காரலை, அதான் தள்ளாடுது” என்று ஒரு நண்பரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். பேச்சு பொம்மை இஞ்சினைப் பற்றியது. எதிர்வீட்டு அக்காவுக்கு அது தெரியாது. தமிழ்நாட்டில் குவார்ட்டர் என்றால் 180 மில்லி, அதை மாற்ற நம் குழுமத்தால் ஆகாது. எங்கள் பகுதியில் ரயில்வே குவார்ட்டர்ஸ் வேறு இருக்கிறது.

புதிதாக இழைக்கு வந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நீராவி இஞ்சினின் பெரிய சக்கரங்களில், நடுக்குடத்தை விட்டுத் தள்ளி ஓர் ஆணி இருக்கும். பிஸ்டனிலிருந்து வரும் தண்டு அந்த ஆணியைத் தள்ளி இழுத்துத்தான் சக்கரத்தைச் சுற்றும். ஒரே அச்சில் இடப்பக்கம் ஒரு சக்கரம், வலப்பக்கம் ஒரு சக்கரம். இடப்பக்க ஆணி உச்சியில் இருக்கும்போது வலப்பக்க ஆணி உச்சியிலும் இருக்காது, அடியிலும் இருக்காது. கால் சுற்று, அதாவது 90 டிகிரி, தள்ளி நிற்கும். இப்படித் தள்ளிப் பொருத்துவதுதான் குவார்ட்டரிங்.

ஏன் 90? பிஸ்டன் ஓட்டத்தின் கடைசியில் போய் முட்டி நிற்கும் நொடியில், தண்டு எவ்வளவு தள்ளினாலும் அந்த விசை நேராக அச்சுக்குள் போய்விடும், சக்கரம் சுற்றாது. இதை இப்போதைக்கு ‘முட்டுநிலை’ என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு பக்கம் முட்டுநிலையில் இருக்கும்போது மறுபக்கம் முழு வலுவோடு தள்ளும் இடத்தில் இருந்தால் வண்டி எங்கே நின்றாலும் மறுபடி கிளம்பிவிடும்.

இந்த இடத்தில்தான் கோவை நண்பரோடு எனக்குக் கருத்து வேறுபாடு.

> ஒரே உரலில் இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போடுவார்களே, அதுதான் இது. ‘மாற்றுவைப்பு’ என்று வைக்கலாம்.

உவமை அருமை. எங்கள் வீட்டிலும் அம்மாவும் பெரியம்மாவும் அப்படி இடித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வருவது 180 டிகிரி. இஞ்சினுக்கு அது ஆகாது. சைக்கிளை நினைத்துப் பாருங்கள், அதன் பெடல்கள் 180 டிகிரியில்தான் இருக்கின்றன. ஐந்து ரோடு சிக்னலில் ஒரு பெடல் உச்சியிலும் மற்றது அடியிலுமாக நின்றுவிட்டால், பச்சை விழுந்ததும் என்ன செய்கிறோம்? நுனிக்காலால் பெடலைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் தரையில் ஒரு உந்து உந்துகிறோம். ரயில் இஞ்சினுக்குத் தரையில் ஊன்றக் கால் கிடையாது. ஆகவே மாற்று, எதிர், மாறு என்று தொடங்கும் எந்தச் சொல்லும் படிப்பவரை 180 பக்கம் தள்ளிவிடும். அந்தச் சொல்லை நம்பிச் சக்கரம் பூட்டுகிறவருக்கு இஞ்சின் ஓடாது.

இழையில் வந்த மற்றச் சொற்களில் ‘செங்கோணப்படுத்தல்’ பிழையில்லாத சொல். ஆனால் கையில் குறடும் வாயில் திருகாணியுமாக உட்கார்ந்திருப்பவர் அதைச் சொல்லவே மாட்டார். ‘சக்கரப் பொருத்தம்’ என்றால் பத்துப் பொருத்தத்தோடு பதினொன்றாகச் சேர்ந்துவிடும்.

‘கால்திருப்பம்’ எனக்கும் முதலில் பிடித்திருந்தது. புலவர் ஐயா அதைப் புணர்ச்சி விதிப்படி எழுதிக்காட்டியதும் ஆசை போய்விட்டது. காற்றிருப்பம்! காற்று இருக்கும் இடம் என்றுதான் யாரும் படிப்பார்கள்.

சரி, என் முன்மொழிவுக்கு வருகிறேன். அது என் மூளையில் உதித்தது என்று சொல்ல மாட்டேன்.

என்னிடம் இருப்பது இங்கிலாந்தில் செய்த பழைய மாடல், தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் ஆறு சக்கர டேங்க் இஞ்சின், 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளத்தில் ஓடுவது. அதன் சாயத்தைச் சுரண்டி, முகப்பில் பெரிய விளக்கு வைத்து, ஸ்டேஷனில் பெட்டிகளை இழுத்து மாற்றும் நம் பக்கத்து ஷண்டிங் இஞ்சின் சாயலுக்குக் கொண்டுவருவது என் திட்டம். வாங்கியபோதே பின் அச்சில் ஒரு சக்கரம் இடம் மாறியிருந்தது. முன்பு வைத்திருந்த யாரோ கழற்றிவிட்டுக் கண்ணளவில் திருப்பி அடித்திருக்கிறார்கள்.

மாடலில் நீராவி இல்லையே, மோட்டார்தானே, இது ஏன் வேண்டும் என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். மோட்டார் சுற்றுவது ஓர் அச்சை மட்டும்தான். மற்ற இரண்டும், ஒரு பக்கத்துச் சக்கர ஆணிகளை எல்லாம் இணைக்கும் சைடு ராடு இழுப்பதால் சுற்றுகின்றன. ஒரு பக்கத்து ராடு மூன்று அச்சுகளோடும் ஒரே கோட்டில் வரும் நொடியில், எந்தப் பக்கம் சுற்றுவது என்று அதற்குத் தெரியாது. மறுபக்கத்து ராடுதான் வழி காட்ட வேண்டும். அதுவும் அதே நொடியில் கோட்டில் வந்து நின்றால் கதை முடிந்தது. என் இஞ்சினில் நடந்தது அதைவிடச் சின்னக் கோளாறு. ஒவ்வொரு சுற்றிலும் ஓர் இடத்தில் சிக்கி, இழுத்து, மறுபடி போகும்.

சாப்பாட்டு மேசையில் பழைய படச்சட்டத்தின் கண்ணாடியைப் போட்டு, மோட்டாரைக் கழற்றிவிட்டு, கண்ணாடியின் ஒரு முனையை இரண்டு புத்தகத்தின் மேல் ஏற்றி வைத்தேன். அந்தச் சரிவில் தானாக உருள வேண்டும், உருளவில்லை. பின்னால் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்து இரண்டு பக்கத்தையும் ஒருசேரப் பார்த்துத் திருப்பினேன். சக்கரத்தில் 12 ஆரக்கால். ஓர் ஆரக்காலுக்கும் அடுத்ததற்கும் 30 டிகிரி, மூன்று தள்ளினால் கால் சுற்று. இந்தப் பக்கம் ஆணி உச்சி என்றால் கண்ணாடியில் தெரியும் ஆணி அச்சு மட்டத்தில் நிற்க வேண்டும். 14 ஆரக்கால் என்றால் மூன்றரை தள்ளவேண்டும், அதாவது இங்கே ஆரக்காலுக்கு நேராக அங்கே இடைவெளி வரும். இது தெரியாமல் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள் நம் குழுமத்திலேயே இருக்கிறார்கள்.

அப்படியும் கொஞ்சம் சிக்கியது. ராடின் துளையை ஒரு நூலளவு பெரிதாக்கலாம் என்று செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் பட்டறை அண்ணனிடம் எடுத்துப் போனேன். ஊசி அரம் பிடிப்பதில் அவர் கைக்கு என் கை ஈடாகாது. சாமணத்தால் ராடைப் பிடித்துக்கொண்டே, மேசைமேல் இஞ்சினை விரலால் தள்ளிப் பார்த்தார். இரண்டு முறை தள்ளினார். அப்புறம் சொன்னார்:

“நொண்டுதுங்க. பின்னங்கால் சரியா வைக்கலீங்களே.”

அவர் சொன்ன கால் வேறு, நான் தேடிய கால் வேறு. ஆனால் பேருந்தில் திரும்பி வரும்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன. கால் சுற்று தள்ளி வைப்பது, கால் வைப்பது. அது பிசகினால் இஞ்சின் நொண்டும். பிசகின் விளைவையும் சொல்லே காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: பெயர்ச்சொல் ‘கால்வட்ட வைப்பு’. கால்வட்டம் பள்ளிக் கணக்குப் பாடத்தில் எல்லோரும் படித்ததுதான். பட்டறையில் பேசும்போது சுருக்கமாகக் ‘கால்வைப்பு’. வினையாகக் ‘கால் வைத்தல்’. கோளாறுக்கு ‘நொண்டல்’. கால்வைப்பில் புணர்ச்சிச் சிக்கலும் இல்லை, லகரமும் வகரமும் சண்டையில்லாமல் நிற்கின்றன.

வரப்போகும் மறுப்புகளுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். ‘கால் வைத்தல்’ என்றால் அடியெடுத்து வைப்பது என்று பொருள் வருமே? வரட்டும். இஞ்சின் ஒழுங்காக அடியெடுத்து வைக்கத்தானே இந்தப் பாடு? ‘கால் போடுதல்’ வேண்டாம் என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன். எழுத்துக்குக் கால் போடுவது நினைவுக்கு வரும்.

இன்னொரு மறுப்பு கனமானது. மாடலில் சரியாக 90 இருக்க வேண்டியதில்லை, 88 இருந்தாலும் மூன்று அச்சிலும் அதே 88 இருந்தால் ஓடும். நிஜத்தில் இங்கிலாந்தின் பிளையிங் ஸ்காட்ஸ்மன் போன்ற மூன்று சிலிண்டர் இஞ்சின்களில் சுமார் 120 டிகிரி. நாலு சிலிண்டர் கொண்ட லார்டு நெல்சன் வகையில் 135. அங்கெல்லாம் ‘கால்’ பொய்யாகாதா? ஆகும். ஆனால் நம் கையில் வரும் மாடல்களில் பெரும்பாலானவை இரண்டு சிலிண்டர் இஞ்சின்களைப் பார்த்துச் செய்தவை. நிஜத்தில் அவை சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் சீராக நாலு முறை ‘குப்’ என்று மூச்சு விடுவதே இந்தக் கால் சுற்றால்தான். லார்டு நெல்சன் எட்டு முறை விடும். நாலு நாலாக எண்ணும் சதுசிர நடைக்குப் பழகிய காது வித்தியாசத்தை உடனே பிடித்துவிடும். 120க்கு வேண்டுமானால் ‘மூன்றிலொரு வைப்பு’ என்று தனியாக எழுதிக்கொள்ளலாம். எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை, யாராவது மேலானது சொல்லுங்கள்.

அகராதிப் பதிவுக்கு இரண்டு எடுத்துக்காட்டு வாக்கியங்கள் கேட்டிருந்தீர்கள்:

பின் அச்சுக்குக் கால் வைத்து, சரிவில் உருட்டிப் பார்த்த பிறகே மோட்டாரை மாட்டவும்.

பெரிய ஒர்க்‌ஷாப்புகளில் கால்வைப்புக்கென்றே தனி எந்திரம் உண்டு, அது இருபக்கச் சக்கரங்களிலும் ஆணித்துளையை 90 டிகிரி தள்ளி ஒரே நேரத்தில் குடையும்.

‘முட்டுநிலை’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன், அதை இங்கே கலக்க வேண்டாம். என் இஞ்சின் இப்போது முன்னோக்கி நன்றாகப் போகிறது. பின்னோக்கி வரும்போது மட்டும் இன்னும் லேசாக நொண்டுகிறது. இரண்டாவது அச்சில் ஒரு டிகிரியோ என்னவோ பாக்கி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடி பிரிக்க வேண்டும்.

அன்புடன்,
சூரமங்கலத்திலிருந்து