மறு: சக்சஷன் சோயிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

> ‘தொடர் விதைப்பு’ போதுமே, எதற்கு இவ்வளவு யோசனை?

போதாது ஐயா. டெல்டாவில் நெல் அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், கதிர் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்து தெளிப்பார்கள். ‘தொடர் பயிர்’ என்றால் உழவர் மனதில் அதுதான் வரும்: ஒன்றை அடுத்து வேறொன்று. நாம் பெயர் தேடுவதோ அதே பயிரை, அதே பாத்தியில், சில நாள் இடைவெளி விட்டுப் பிரித்துப் போடுவதற்கு.

என் கொல்லையில் பத்தடிக்கு நாலடியில் ஒரு பாத்தி. போன தடவை முள்ளங்கி முழுவதையும் ஒரே நாளில் ஊன்றினேன். 45ஆம் நாள் சாம்பார், பொரியல், பக்கத்து வீடு, எதிர்வீடு, அப்புறமும் மிச்சம். பிடுங்காமல் விட்டதெல்லாம் உள்ளே பஞ்சாகிவிட்டது.

இந்தத் தடவை கயிறு பிடித்து, சாணுக்கு ஒன்றாகக் குறுக்கே 12 வரிசை கீறினேன். வாரம் மூன்று வரிசைக்கு மட்டும் விதை. நாலு விரற்கடைக்கு ஒன்று, அரை அங்குல ஆழம். முதல் வரிசையைப் பிடுங்கும்போது கடைசி வரிசைக்கு வயது 24 நாள்தான். காலியான இடத்தில் மறுபடி விதை.

‘நண்டோட நெல், நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை’ என்று செடி இடைவெளிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நாள் இடைவெளிக்கு நாம் ஒரு சொல்லாவது வைக்க வேண்டாமா?

என் பரிந்துரை ‘தவணை விதைப்பு’. யூரியாவைத் தவணையாக இடுவது எல்லா உழவருக்கும் தெரியும். மொத்தம் ஒன்று, அதைப் பிரிக்கிறோம், நடுவே நாள் குறிக்கிறோம்; எல்லாம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ‘சுழற்சி விதைப்பு’ வேண்டாம், பயிர்ச் சுழற்சியோடு குழம்பும். ‘தவணை’யில் கடன் வாடை அடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். அடிக்கட்டும். தடுப்பூசிக்கும் தவணை என்கிறோம். இலங்கையில் பள்ளிக்கூடத்துக்கே தவணை உண்டு.

*

தம்பி, தவணை சரி. வீட்டில் படித்துக் காட்டினேன். “இட்லி ஈடு மாதிரியா?” என்றாள். ஒரு ஈடு வெந்து இறங்க, அடுத்த ஈடு ஏறுகிறது. ‘ஈட்டு விதைப்பு’ என்றால்?

*

அக்கா சொன்னது அருமை ஐயா, ஆனால் ‘ஈட்டு’ என்றதும் பணம் ஈட்டுவது நினைவுக்கு வருகிறதே. ஒன்று செய்யலாம்: முறைக்குப் பெயர் ‘தவணை விதைப்பு’, ஒவ்வொரு தடவை போடுவதும் ஓர் ‘ஈடு’. “மூன்றாம் ஈடு முள்ளங்கி முளைத்துவிட்டது” என்று சொல்லிப் பார்த்தேன், நாக்கில் உட்காருகிறது.

விளக்கக் குறிப்பில் இதையும் சேர்ப்போம்: முள்ளங்கி, சிறுகீரை, கொத்தமல்லி போல ஒரே மூச்சில் பிடுங்குபவற்றுக்குத்தான் இது பெரிதும் உதவும். கத்தரி, வெண்டை வாரக்கணக்கில் தாமே காய்த்துக்கொண்டிருக்கும். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அன்றைக்கு எனக்கு நாலாம் ஈடு போட வேண்டும்.